டோனட் கடையைச் சுற்றி அரை மண்டலம்

காலை எட்டரை மணிக்கு நான் கடைகளுக்குப் போகிறேன். அந்த நேரத்தில் ஒரு சாப்பாட்டுக் கடையைத் தவிர வேறெதுவும் திறந்திருக்காது. இரும்புக் கதவுகள் இறங்கியிருக்கும். உள்ளே பொம்மைகள் புதுச் சட்டை போட்டுக்கொண்டு இருட்டில் நிற்கும். ஆனால் மாலின் வெளிக்கதவை மட்டும் விடியற்காலையிலேயே திறந்துவிடுகிறார்கள், என்னைப் போன்றவர்களுக்காக. தலை நரைத்து, வெள்ளை ஷூ மாட்டி, கையில் தண்ணீர் பாட்டிலோடு, வாங்குவதற்கு ஒன்றுமில்லாமல் உள்ளே நடக்கிறவர்கள் நாங்கள். இதற்கு இங்கே ‘மால் வாக்கிங்’ என்று பெயர். கனடாவில், டொராண்டோவுக்குக் கிழக்கே இருக்கும் இந்தச் சிறு நகரத்தில், சித்திரை பிறந்த பிறகும் தெருவோரத்தில் பனி கிடந்தது. வயதான காலத்தில் அதில் சறுக்கி விழுந்தால் இடுப்பெலும்புக்கு யார் பதில் சொல்வது? அதனால் கூரைக்குக் கீழே நடக்கிறோம். காஞ்சிபுரத்தில் என் வயதுக்காரி ஒருத்தி தினமும் பூட்டிய கடைகளைச் சுற்றிச் சுற்றி வந்தால், பாவம், பிள்ளைகள் கவனிப்பதில்லை போலிருக்கிறது என்று தெருவே பேசியிருக்கும்.

இந்த நடையில் ஒரு வழக்கம் உண்டு. யாரும் எழுதி ஒட்டவில்லை, ஆனால் எல்லோரும் ஒரே பக்கமாகத்தான் சுற்றுவார்கள். மாலின் நடுவில் இருக்கும் சாப்பாட்டுக் கடைகள் அவர்களுடைய இடது கைப்பக்கம் இருக்கும். நான் மட்டும் எதிர்ப்பக்கமாக வருவேன், பேரனை உட்கார வைத்த தள்ளுவண்டியோடு. முதல் நாள் அப்படிச் சுற்றியபோது ஹெலன் என்ற உயரமான பாட்டியம்மா என்னை நிறுத்தி, கையால் வட்டம் போட்டுக் காட்டி, “ராங் வே, டியர்” என்றார். நான், “எஸ், எஸ், தேங்க்யூ” என்று சொல்லிவிட்டு அதே பக்கமாகவே போனேன். எனக்கு ஆங்கிலம் புரியவில்லை என்று நினைத்திருப்பார். நன்றாகவே புரிந்தது. ஏன் அந்தப் பக்கமாகப் போகிறேன் என்று சொல்வதற்குத்தான் என்னிடம் ஆங்கிலம் இல்லை. தமிழில் சொல்வதற்கே கொஞ்சம் நேரம் பிடிக்கும். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் சர்க்கரை வந்து பல வருஷம் ஆகிறது. நாங்கள் இருவரும் ஒரே தறியில் வேலை செய்கிறவர்கள். பட்டுச்சேலையின் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம் என்று இருக்கிறதே, அந்த இரண்டையும் ஒவ்வோர் இழையிலும் கோத்துக்கொண்டே போக வேண்டும். அதற்குக் கோர்வை என்று பெயர். கோர்வைக்கு ஓர் ஆள் போதாது. தறிக்குழிக்குள் காலை விட்டு, மிதிக்கட்டையை மிதித்து, குறுக்கு நூல் சுற்றிய நாடாவை எறிய ஒருவர். பக்கத்தில் உட்கார்ந்து ஒரு பக்கத்துக் கரைக்கான நாடாவை எறிய இன்னொருவர். கல்யாணமான மறு மாதம் அவர் பக்கத்தில் உட்கார்ந்தவள் நான். எங்கள் ஊர் டாக்டர், “வாக்கிங் போறீங்களா?” என்று கேட்கும்போதெல்லாம் அவர், “மிதிச்சிக்கினேதான சார் இருக்கிறேன்” என்பார். நான் தண்ணீர் தூக்குவேன், மாடிப்படி ஏறுவேன், வெள்ளிக்கிழமை அம்மன் கோயிலுக்கு நடந்து போய் நடந்து வருவேன். இரண்டு பேருக்கும் சர்க்கரை ஏதோ சொன்ன பேச்சைக் கேட்டுக்கொண்டு இருந்தது.

மகள் காமாட்சிக்குப் பிரசவம் என்று நான் இங்கே வந்தேன். அவரும் கூட வந்தார். இரண்டு மாதத்தில் அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. சோபாவில் உட்கார்ந்துகொண்டே கால் தானாக ஆடும், மிதிக்கட்டை இருப்பதுபோல. “தறி காலியா கெடக்குதும்மா, நான் போய் பாத்துக்கினு இருக்கிறேன், நீ பொண்ணு கூட இரு” என்று கிளம்பிவிட்டார். பக்கத்தில் உட்கார ஆள் இல்லாததால் கோர்வை இல்லாத சேலையாகத் தனியாக நெய்கிறார். மகள் பிரசவ விடுப்பு முடிந்து வேலைக்குப் போகிறாள். மருமகனுக்கு வேறு ஊரில் வேலை, வாரக் கடைசியில்தான் வருவார். ஆக, பேரன் நந்துவுக்கு நான்தான் எல்லாம். எங்கள் அடுக்குமாடிக்கு எதிரேயே மால் இருக்கிறது.

வந்த சில மாதத்தில் என் சர்க்கரை ஏற ஆரம்பித்தது. கிளினிக்கில் மிஷல் என்ற நர்ஸ் மிகவும் அன்பாகப் பேசினார். உடலுழைப்பு எப்படி, என்ன வேலை செய்துகொண்டிருந்தீர்கள் என்று கேட்டார். மகள் மொழிபெயர்த்தாள். நெசவு என்றேன். நின்றுகொண்டா, உட்கார்ந்துகொண்டா என்றார். உட்கார்ந்துகொண்டு என்றேன். உடனே ‘உட்கார்ந்த வேலை’ என்று கணினியில் தட்டிவிட்டு, இனிமேலாவது உடம்பை அசைக்க வேண்டும் என்று புன்னகையோடு சொன்னார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. நாள் முழுக்க நாடா எறிந்து தோள் இறங்கிப் போனவளைப் பார்த்து அசை என்கிறாரே! “என்னாடி சொல்றாங்க இவங்க?” என்றேன். “விடுமா, நடக்கச் சொல்றாங்க, அவ்ளோதான்” என்றாள் மகள். சரி என்று நடக்க ஆரம்பித்தேன், எல்லோரும் போகிற பக்கமாகவே. மழை, பனி எதுவும் தடையில்லை. சாப்பாட்டிலும் சோற்றைக் குறைத்தேன். என்றாலும் காலைச் சர்க்கரை இறங்க மாட்டேன் என்றது.

இங்கே சர்க்கரையை அளக்கும் கணக்கே வேறு என்பது வெளிநாட்டில் இருக்கிறவர்களுக்குத் தெரிந்திருக்கும். ஊரில் இருக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். நம்மூரில் நூற்றிருபது, இருநூறு என்று வருவது இங்கே ஏழு, எட்டு, பதினொன்று என்று வரும். பதினெட்டால் பெருக்கினால் நம்மூர்க் கணக்கு. மகள் புதிதாக ஒரு கருவி வாங்கிக் கொடுத்த மறுநாள் காலை விரலில் குத்திப் பார்த்தேன். ஊரில் அப்போது சாயங்காலம், அவர் போனில் இருந்தார். “எவ்ளோ வந்துச்சு?” என்றார். “பதினொண்ணு” என்றேன். அதே நேரத்தில் நந்து சமையல் மேடையிலிருந்து ஒரு பாத்திரத்தை இழுத்துத் தள்ளினான். பெரிய சத்தம். நான் பதறிப்போய் போனை அப்படியே வைத்துவிட்டு அவனைத் தூக்க ஓடினேன். சாம்பார் வழிந்த தரையைத் துடைத்து, அவனைக் குளிப்பாட்டி, தூங்க வைத்துவிட்டு வந்து பார்த்தால் அவரிடமிருந்து தொடர்ந்து அழைப்புகள் வந்து நின்றுபோயிருந்தன.

நான் வீடியோவில் கூப்பிட்டதும் எடுத்தார். “இருக்கியாம்மா?” என்றார். அவருக்கு ஒரு பழைய பயம் உண்டு. ஒரு பிரதோஷத்துக்கு விரதம் இருந்துகொண்டு மாத்திரையை மட்டும் மறக்காமல் விழுங்கிவிட்டு, தறிக்குழியிலேயே மயங்கிச் சரிந்தவர். சர்க்கரை ஐம்பதுக்கு இறங்கிவிட்டது என்று குளுக்கோஸ் ஏற்றினார்கள். ஐம்பதுக்கே அப்படி என்றால், பதினொன்று என்று சொன்ன பெண்டாட்டியின் போனில் ‘டமால்’ என்று சத்தமும் கேட்டு, பேச்சும் நின்றுபோனால் மனுஷன் என்னதான் நினைப்பார்? நான் பதினெட்டால் பெருக்கும் கணக்கைச் சொன்னேன். “அப்ப இருநூறா? அட, இருநூறா!” என்று சிரித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டார். இருநூறு என்று கேட்டு ஒருவர் இவ்வளவு சந்தோஷப்பட்டதை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். இருவரும் வெகுநேரம் சிரித்தோம். இடைப்பட்ட நேரத்தில் அவர் எங்கே போயிருந்தார், என்ன செய்தார் என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

அது பங்குனி மாதம். சித்திரை பிறந்தது. தினமும் பேசுவோம். ஒரு நாள் வீடியோவில் பேசிக்கொண்டிருந்தபோது அவர் கையிலிருந்து போன் நழுவித் தரையில் விழுந்தது. முகத்துக்குப் பதிலாகக் கால் தெரிந்தது. வலது பாதத்தில் பழைய வேட்டித் துணியைக் கிழித்துச் சுற்றியிருந்தார், துணியில் மஞ்சளாகக் கறை.

“இன்னாங்க அது?”

“எது?”

“காலு.”

“ஒண்ணும் இல்லம்மா. சின்ன கொப்புளம்.”

“போனை அங்கயே வெச்சி துணிய அவுருங்க.”

அவிழ்த்தார். உள்ளங்காலில், பெருவிரலுக்குக் கீழே, தோல் உரிந்து சிவந்து கிடந்தது. சின்னக் கொப்புளமாம்! சர்க்கரைக்காரர்களின் கால் என்ன பாடுபடும் என்று எங்கள் தெருவுக்கே தெரியும். விரலை எடுத்தவர்கள் இருக்கிறார்கள், பாதத்தையே எடுத்தவர்கள் இருக்கிறார்கள். அவருக்குக் கால் எப்போதோ மரத்துப் போய்விட்டது. ஊசி குத்தினால்கூடத் தெரியாது. நான் விடவில்லை. திட்டினேன், அழுதேன், மறுபடி திட்டினேன். கடைசியில் வாயைத் திறந்தார்.

“பதினொண்ணுனு சொன்ன. அப்புறம் சத்தம் கேட்டுச்சு. போனு எடுக்கல. பொண்ணும் எடுக்கல. நான் இன்னானு நெனைக்கிறது? நேரா அம்மன்கிட்ட போயிட்டேன். அவ நல்லபடியா இருந்தா ஒரு மண்டலம் நாலு ராஜ வீதியும் வெறுங்காலோட சுத்தி வரேன்னு வேண்டிக்கினேன்.”

“நான்தான் ஒரு மணி நேரத்துல கூப்ட்டு சொன்னனே, அது இருநூறுனு!”

“சொன்ன. அதுக்காக? அம்மன்கிட்ட போய், கணக்கு தப்பாயிடுச்சு, வேண்டுனத திருப்பிக் குடுனு கேக்க முடியுமா?”

காஞ்சிபுரத்துக்காரர்களுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்கு: எங்கள் ஊரில் காமாட்சியம்மன் கோயிலை நடுவில் வைத்து நான்கு ராஜ வீதிகள் ஓடுகின்றன. தேரும் சாமியும் வருகிற வீதிகள். அதே வீதிகளில்தான் பஸ், ஆட்டோ, பட்டுக்கடை வாசலில் நிற்கும் வெளியூர்க் கார்கள், எல்லாமும். சாயங்காலம் என்னோடு பேச வேண்டும் என்பதால், எனக்குத் தெரியாமல் இருக்க, தறியிலிருந்து எழுந்த கையோடு மூன்று மணி வெயிலில் போய்ச் சுற்றியிருக்கிறார். பங்குனி சித்திரையில் அந்தத் தார் ரோடு எப்படிக் கொதிக்கும்! மரத்த காலுக்குச் சூடு தெரியவில்லை. அதனால் ஒரு நாளும் தவறவில்லை. பாதி மண்டலம் முடிந்திருந்தது. நான் விரட்டி மறுநாள் போய்க் காட்டியபோது டாக்டர் காலைக் கீழே வைக்கக்கூடாது என்று சொல்லி, புண் ஆறியதும் சர்க்கரைக்காரர்களுக்கான எம்.சி.ஆர். செருப்பு வாங்கிப் போடச் சொல்லியிருக்கிறார். இவரோ, கட்டுப் போட்டுக்கொண்டே மீதியையும் முடித்துவிட்டுத்தான் உட்காருவேன் என்று நின்றார். அப்படி நடந்தால் அந்தக் கால் மிஞ்சாது. எனக்கு அது நன்றாகத் தெரிந்தது. அவருக்கும் தெரியும்.

நான் போய்விடலாமா என்று பார்த்தேன். மகள் வேலைக்குத் திரும்பி ஒரு மாதம்கூட ஆகவில்லை. குழந்தையை விடுவதற்குக் காப்பகத்தில் இடம் இல்லை. அவள் முகத்தைப் பார்த்தால் கேட்க வாய் வரவில்லை. இந்த நிலையில்தான் கிளினிக்கில் முறை வந்தது. என் சர்க்கரை முன்னைவிட அதிகம். இப்படியே போனால் இன்சுலின் ஊசிதான் என்றார் மிஷல். நடக்கிறீர்கள்தானே என்று திரும்பத் திரும்பக் கேட்டார். பிறகு என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு ஏதோ சொன்னார்.

“வீட்ல ஏதாச்சும் ஸ்ட்ரெஸ் இருக்கானு கேக்கறாங்கமா. கவலைப்பட்டாலே சுகர் ஏறுமாம், எவ்ளோ நடந்தாலும்.”

“எனக்கு இன்னாடி கவலை? ராணி மாதிரி இருக்கிறேன்னு சொல்லு.”

மகள் அப்படியே சொன்னாள். மிஷல், “வெரி குட்” என்றார். வேறு என்ன சொல்வது? கவலையைக் கேட்டவர் நர்ஸ், மொழிபெயர்க்கிறவள் என் மகள். உங்கப்பா காலில் புண்ணோடு அங்கே தனியாக இருக்கிறார், நான் உனக்காக இங்கே இருக்கிறேன், அதுதான் கவலை என்று அவள் வாயாலேயே சொல்ல வைப்பதா? அவள் என்ன தப்பு செய்தாள்? அவளும் பாவம்தான். காரில் திரும்பி வரும்போது அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கும் தெரிந்துதான் இருந்தது.

மறுநாள் மாலில் நடந்துகொண்டிருந்தபோது எனக்கு அந்த யோசனை வந்தது. வேண்டுதல் எனக்காக. அவரால் முடியவில்லை என்றால் நான் முடிக்கலாமே. அப்படிப் பெண்டாட்டி முடித்த, பிள்ளை முடித்த வேண்டுதல்கள் எங்கள் பக்கத்தில் எத்தனையோ. அங்கேயே நின்று அவரைக் கூப்பிட்டேன்.

“மீதிய நான் சுத்துறேன்.”

“எங்க?”

“இங்கதான். தெனம் நடக்கிற எடத்துல. சதுரமா நாலு வீதி இருக்குது.”

“நடுவுல அம்மன் இருக்காளா?”

நான் நடுவில் பார்த்தேன். “டோனட் கடை இருக்குது.”

“அப்டினா?”

“வடை மாதிரி, நடுவுல ஓட்டை போட்டு. மேல சர்க்கரைய கொட்டி வெச்சிருப்பாங்க.”

“சர்க்கரை கொறையறதுக்கு சர்க்கரை கடைய சுத்தப் போறியாமா நீ?” என்றார். வாரக்கணக்கில் வராத சிரிப்பு அவருக்கு அப்போது வந்தது. எனக்கும் வந்தது. தள்ளுவண்டியிலிருந்து நந்துவும் காரணம் தெரியாமல் சிரித்தான்.

ஆனாலும் அவர் சுலபத்தில் ஒத்துக்கொள்கிற ஆள் இல்லை. ஆட்டோ பிடித்துக் கோயிலுக்குப் போய் ஐயரிடம் கேட்டுவிட்டு வந்தார். “சம்சாரம் செஞ்சா நீ செஞ்ச மாதிரிதான்னு சொல்லிட்டாரு. அம்மன மனசுல நெனைச்சிக்கினா எந்த எடமா இருந்தா இன்னான்னாரு. அந்த ஊர் குளிருக்கு செருப்பு போட்டுக்கலாமாம். ஆனா ஒண்ணு, எடது பக்கமா சுத்தக்கூடாதாம். வலமாதான் வரணுமாம்” என்றார். இதுதான் நான் எதிர்ப்பக்கமாகப் போன கதை. எல்லோரும் போகிற பக்கமாகப் போனால் நடுப்பகுதி இடது கைக்கு வரும். சாமியை அப்படிச் சுற்றுகிற வழக்கம் நமக்கு எங்கே இருக்கிறது? அன்று முதல் தள்ளுவண்டியைத் திருப்பிக்கொண்டேன்.

அவர் இன்னொரு நிபந்தனையும் போட்டார். சுற்றும்போது போனில் தானும் கூட இருக்க வேண்டும். இங்கே காலை எட்டரை என்றால் அங்கே சாயங்காலம் ஆறு. காதில் கருவியை மாட்டிக்கொள்வேன். அவர் வீட்டில் முக்காலியின் மேல் காலை நீட்டி வைத்துக்கொண்டு கேட்பார். “கெழக்கு ராஜ வீதி வந்துட்டேன்” என்பேன். “அங்க இன்னா இருக்குது?” என்பார். “மூக்குக் கண்ணாடிக் கடை.” “இங்க அந்த எடத்துல ஜூஸ் கடை.” தெற்கு வீதியில் செருப்புக் கடை, மேற்கில் வங்கி, வடக்கில் பல் டாக்டர். சுற்று முடிவதற்குள் அவர் மாத்திரை போட்டாரா, கட்டு மாற்றினாரா, மத்தியானம் என்ன சாப்பிட்டார், ராத்திரிக்கு யார் வீட்டில் இட்லி என்று எல்லாவற்றையும் விசாரித்துவிடுவேன். தறியில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோதும் அப்படித்தான். கை நாடா எறியும், வாய் பேசிக்கொண்டே இருக்கும். என் வாய் கொஞ்சம் நீளம் என்பது எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரியும்.

எதிர்ப்பக்கமாக வருவதில் ஒரு லாபம் இருந்தது. முன்பு எல்லோருடைய முதுகையும்தான் பார்த்தேன். இப்போது ஒவ்வொரு சுற்றிலும் ஒவ்வொரு முகமும் எதிரே வந்தது. கைத்தடி வைத்திருக்கும் தாத்தா, பேசிக்கொண்டே நடக்கும் அக்கா தங்கை, ஹெலன். எல்லோரும் குட்மார்னிங் சொல்வார்கள். அடுத்த சுற்றில் பார்க்கும்போது மறுபடி சொல்வார்கள். ஒரு நாள் ஹெலன் நின்று, யாரோடு தினமும் பேசுகிறாய் என்று சைகையில் கேட்டார். “ஹஸ்பண்ட். இந்தியா. லெக் ப்ராப்ளம். சுகர்” என்றேன். அவர் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். பிறகு சட்டைக் கையை மேலே சுருட்டிக் காட்டினார். புஜத்தில் காசு அளவுக்கு ஒரு வில்லை ஒட்டியிருந்தது. “மீ டூ” என்றார். குத்தாமலே சர்க்கரை காட்டும் வில்லையாம் அது. அவரையும் அதே வியாதி பிடித்து ஆட்டுகிறது என்று தெரிந்ததும், இவ்வளவு நாள் அவர்மேல் இருந்த சின்ன எரிச்சல் போய்விட்டது.

ஒரு சனிக்கிழமை மகளும் கூட வந்தாள். ஹெலன் அவளைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பேசினார். என்ன என்று கேட்டேன். “நீ ஏன் ஆப்போசிட்டா நடக்கறன்னு அவங்களுக்கு இப்பதான் புரிஞ்சிடுச்சாம். எல்லாருக்கும் நேருக்கு நேரா குட்மார்னிங் சொல்லணும்னுதானாம். இங்க யாருக்குமே இது தோணலியேன்னு ரொம்ப ஃபீல் பண்றாங்க. நான் கரெக்ட் பண்ணட்டுமா?” என்றாள். வேண்டாம் என்றேன். அம்மனைப் பற்றியும் மண்டலத்தைப் பற்றியும் டோனட் கடைக்கு முன்னால் நின்றுகொண்டு எப்படி விளக்குவது? தவிர, அவர் நினைத்ததும் கேட்க நன்றாகத்தான் இருந்தது. திங்கட்கிழமை ஹெலன் திரும்பி என் பக்கமாகவே நடக்க ஆரம்பித்தார். என் வேகத்துக்குச் சற்றுப் பின்னால் வருவார். சுற்றுக்கு ஒரு தடவை, “ஹஸ்பண்ட் குட்?” என்று கேட்பார். நான், “டுடே பெட்டர்” என்பேன்.

புண் மெதுவாகத்தான் ஆறியது. சர்க்கரைக்காரர் புண்ணுக்கு அவசரம் கிடையாது. ஆனால் அவர் காலைக் கீழே வைக்கவில்லை, சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். மண்டலம் முடிந்த அன்று எங்கள் ஊரில் அவர் ஆட்டோவில் போய் அம்மனுக்குத் தேங்காய் உடைத்தார். நான் இங்கே டோனட் கடைக்குப் பக்கத்தில் நின்று கையெடுத்துக் கும்பிட்டேன். கல்லாவில் இருந்த பெண் என்னைப் பார்த்துக் கையசைத்தாள். வாங்க வந்திருக்கிறேன் என்று நினைத்திருப்பாள். வேண்டுதல் முடிந்த பிறகும் நான் பக்கத்தை மாற்றவில்லை. காலைக் கருவியில் எண் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது, பத்து, ஒன்பது, ஒரு நாள் எட்டுகூட. கிளினிக்கில் மிஷல் சந்தோஷப்பட்டு, இன்சுலினை இப்போதைக்குத் தள்ளி வைக்கலாம் என்றார். நடையைக் கூட்டியிருக்கிறீர்களா என்று கேட்டார். நடை அதே நடைதான், அதே தூரம்தான். கூட ஓர் ஆள் வருகிறார், அவ்வளவுதான். மகள் அதை எப்படி மொழிபெயர்த்தாள் என்று தெரியவில்லை. குளிர் வருவதற்குள் நந்துவுக்குக் காப்பகத்தில் இடம் கிடைத்துவிடும், அப்பாவிடம் போய்க் கொஞ்ச நாள் இருந்துவிட்டு வா என்று அன்றைக்கு அவளே சொன்னாள். போவேன். போனால் அங்கே உட்கார்ந்துகொண்டு இந்தப் பிள்ளை சாப்பிட்டானா என்று கேட்டுக்கொண்டிருப்பேன் என்பதும் எனக்குத் தெரியும். அந்தக் கவலைக்கு ஊரில் எந்த வீதியைச் சுற்றுவது என்று அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

ஆனி மாதம் டாக்டர் அவரை நடக்கச் சொல்லிவிட்டார், எம்.சி.ஆர். செருப்போடு. முதல் நாள் சட்டைப் பையில் போனை வைத்துக்கொண்டு, காதில் கருவியோடு அவரும் கிளம்பினார். இங்கே நான், அங்கே அவர். “கெழக்கு ராஜ வீதி” என்றார். நானும் கிழக்கு வீதியில்தான் இருந்தேன். எனக்கு இந்தப் பக்கம் வழவழவென்ற தரை, கதவடைத்த கடைகள், எனக்கு முன்னால் ஒரு ஈ காக்கை இல்லை. காதுக்குள் ஆட்டோ, பூக்காரி, பஜ்ஜிச் சட்டியின் சத்தம், யாரோ யாரையோ ஏய் என்று கூப்பிடுவது, நடுவில் அவர் மூச்சு. அவர் மூச்சு வாங்காமல் நடக்கிறாரா என்பதைக் கேட்டுக்கொண்டே நடந்தேன். சந்தோஷத்தில் எனக்குக் கண் கலங்கியது.

தெற்கு வீதிக்குத் திரும்பினோம். திடீரென்று காதுக்குள் ஒரு பஸ்ஸின் ஏர்ஹாரன் அலறியது, சரியாக முதுகுக்குப் பின்னால். நான் “ஐயோ” என்று தள்ளுவண்டியை வெடுக்கென்று இழுத்து ஓரமாக ஒதுங்கினேன். செருப்புக் கடையின் இரும்புக் கதவில் முதுகு இடித்தது. பின்னால் வந்த ஹெலன் என்னைப் பார்த்தார். என்ன ஏது என்று கேட்கவில்லை. அவரும் சட்டென்று என் பக்கத்தில் வந்து கதவோடு ஒட்டி நின்றுகொண்டார். எங்கள் முன்னால் நீளமாகக் காலி வழி. நாங்கள் இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அதற்கு வழிவிட்டு நின்றோம்.

“போயிடுச்சும்மா. வா” என்றார் அவர், காதுக்குள்.

நான் ஹெலனைப் பார்த்துத் தலையசைத்தேன். இருவரும் கதவை விட்டு விலகி மறுபடி நடந்தோம்.